ஈரத் தலையில் துணி கட்டாதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் தலையில் எதையாவது கட்டாதவர்கள் குறைவு. செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கும் அக்காமார்கள் துண்டு கட்டி, அதன்மேல் தொப்பி போடுகிறார்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் நெற்றிவிளக்கின் பட்டையை இழுத்து இறுக்குகிறார்கள். பிள்ளைகளுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் முழுக்க வலைத்தொப்பி, வரப்போக ஹெல்மெட். தூடோங் என்னும் முக்காடு அணியும் முஸ்லிம் பெண்கள், தலைப்பாகை கட்டும் பஞ்சாபிப் பையன்கள் தனி. நெற்றியில் பரு, தலைக்குள் கொப்புளம் என்று வருகிற இவர்கள் எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "உடம்புச் சூடு டாக்டர்."

போன வாரம் வந்த தொழிற்சாலைப் பெண்ணின் நெற்றியில் தொப்பியின் எலாஸ்டிக் பதிகிற இடம் எதுவோ, அதே கோட்டில் வரிசையாகப் பருக்கள். தொப்பியைக் காட்டச் சொன்னேன். உள்விளிம்பு முழுக்க மஞ்சளாக எண்ணெய்க் கறை. "சூடு தணியட்டும்னு தெனமும் நான்தான் தலை நெறைய எண்ணெய் வச்சு அனுப்புறேன்" என்றார் கூடவே வந்த அம்மா.

அம்மா, இது சூடு இல்லை. சூடு என்றால் காய்ச்சல் இருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இல்லை. சூடு என்றால் கை கால் முழுக்க வர வேண்டும்; தொப்பி உரசுகிற இடத்தில் மட்டும் ஏன் வருகிறது? எண்ணெய் உள்ளே இறங்கி எந்தச் சூட்டையும் இழுப்பதில்லை. வியர்வையோடு கலந்து நெற்றிக்கு வழிகிறது, மயிர்க்கால் துளையை அடைக்கிறது. மேலே துணி மூடியிருப்பதால் காய வழியில்லை. பரு வந்ததும் 'சூடு கூடிவிட்டது' என்று இன்னும் இரண்டு கரண்டி எண்ணெய் வைக்கிறீர்கள். தலைக்குத் தடவும் எண்ணெய்ப் பசையால் நெற்றியில் பரு வருவதை 1970-லேயே 'பொமேட் ஆக்னி' என்று பெயரிட்டுத் தோல் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். நாம் இன்னும் இளநீரையும் நல்லெண்ணெயையும் நம்பி உட்கார்ந்திருக்கிறோம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நான் எதிர்க்கவில்லை. தேய்த்து, சீயக்காய் போட்டு அலசிவிட்டால் சரி. எண்ணெயை வைத்துக்கொண்டே துணியைக் கட்டுவதுதான் வினை.

இதே அளவு கெடுதல் ஈரம். விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் குளித்த தலையைக் கொண்டை போட்டு, அதன்மேல் துண்டைக் கட்டுகிறார்கள். மத்தியானம் அவிழ்க்கும்போதும் அடிமுடி ஈரமாகவே இருக்கும். நம் ஊர் புழுக்கத்தில் மாலசேசியா என்னும் பூஞ்சைக்கு இதைவிட வசதி வேறில்லை. நம் எல்லார் தோலிலும் இருப்பதுதான் அது. எண்ணெய்ப் பசையும் ஈரமும் கிடைத்தால் மயிர்க்காலுக்குள் பெருகிவிடும். பொரிப்பொரியாக எல்லாம் ஒரே அளவில் இருந்து, அரிக்கவும் செய்தால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். பருவுக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரை இதை இன்னும் கூட்டிவிடும். அக்காவுக்குக் கொடுத்ததில் மிஞ்சிய மாத்திரையைத் தங்கை விழுங்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பெயரில்லாத டப்பாவில் விற்கும் கிரீமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுகாதார அமைச்சு அவ்வப்போது தடை செய்யும் அழகு கிரீம்களில் பாதரசமும் ஸ்டீராய்டும் கண்டுபிடிக்கப்படுகின்றன. ஸ்டீராய்டு பூசினால் முதலில் பளிச்சென்று அடங்கும். விட்டதும் முகம் சிவந்து எரிந்து, பரு இரட்டிப்பாகத் திரும்பும்.

துணியை விட்டுவிடச் சொல்லவில்லை. வேலைக்குக் கட்டுகிறவர்களுக்கு வெயிலிலிருந்து அது பாதுகாப்பு. மார்க்கத்துக்காக அணிகிறவர்களிடம் அப்படிக் கேட்க எந்த டாக்டருக்கும் உரிமையில்லை. கட்டும் முறையை மட்டும் மாற்றுங்கள். காலையில் தலைக்குக் குளிக்காதீர்கள், வேலை முடிந்து வந்து குளியுங்கள். முடி நன்றாகக் காய்ந்த பிறகே கட்டுங்கள். வீட்டுக்குள் வந்ததும் அவிழ்த்துக் காற்றாட விடுங்கள். உள்தொப்பி பருத்தியில் இரண்டு மூன்று வைத்துக்கொண்டு தினம் ஒன்று மாற்றுங்கள். துவைத்து வெயிலில் காயட்டும். பல ஹெல்மெட்களின் உள்பஞ்சைக் கழற்றித் துவைக்க முடியும், எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டை நெற்றியில் தடம் பதிக்கும் அளவுக்கு இறுக்காதீர்கள். பருவைக் கிள்ளாதீர்கள்.

அரிக்கும் பொரிக்கு கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பூ மருந்துக் கடையில் கிடைக்கும். தலையிலும் நெற்றியிலும் நுரைக்கவிட்டு ஐந்து நிமிடம் கழித்து அலசுங்கள், வாரத்துக்கு இரண்டு தடவை. சாதாரணப் பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் போதும். 10 சதவீதம் வாங்கித் தோலை எரித்துக்கொள்ள வேண்டாம். இந்த மருந்து துணியை வெளுக்கும், கறுப்புத் தூடோங் வைத்திருப்பவர்கள் இரவில் பூசிக் காலையில் கழுவிவிடுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுக்க வேண்டும். ஒரு வாரத்தில் 'கேட்கவில்லை' என்று மருந்தை மாற்றாதீர்கள்.

நாற்பது தாண்டியவர்களுக்குத் தலையில் கட்டி மாறி மாறி வந்தால் சர்க்கரை பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட்தான். கட்டி வீங்கிச் சீழ் வைத்து, அங்கே முடியும் கொட்டினால் அன்றைக்கே வாருங்கள். தழும்பாகிவிட்ட இடத்தில் முடி திரும்ப முளைக்காது.