பக்கத்தில் துப்பாக்கி வெடித்து ஒரு காது போனால், எங்கே என்ன கேட்கலாம்?

ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் என் மச்சான் வேலை பார்த்தார். கூட வந்த காவலாளி முன்னாள் ராணுவ வீரர், நல்ல மனிதர், கையில் இருந்தது அவருடைய சொந்த லைசென்ஸில் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி. ஒருநாள் மதியம் அவர் வேனுக்குள் ஏறி உட்காரும்போது அது வெடித்துவிட்டது. ரவைகள் வேனின் தரையைத் துளைத்தன, யார் மேலும் படவில்லை. "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை சார்" என்று ஏஜென்சிக்குப் போன் போட்டுச் சொன்னதே என் மச்சான்தான். துப்பாக்கிக்கும் அவருடைய இடது காதுக்கும் நடுவே இரண்டடிகூட இருந்திருக்காது. அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது காது அடைத்திருக்கிறது, கொய்ங் என்று சத்தம் நிற்கவே இல்லை என்றார். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னோம். ஒன்பதாவது நாள்தான் டாக்டரிடம் போனோம்.

அந்த ஒன்பது நாள் தாமதம் காதுக்கும் கெடுதல் செய்தது, பிறகு நாங்கள் கேட்ட ஒவ்வொரு உரிமைக்கும் குறுக்கே வந்து நின்றது. அதனால்தான் சட்டத்துக்குப் போகும் முன் இதை எழுதுகிறேன். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், மூடிய வண்டிக்குள் அது சுவரில் மோதித் திரும்பியும் வரும். அந்த ஒரே அடியில் செவிப்பறை கிழியலாம், அல்லது உள்காதில் இருக்கும் நுண்ணிய முடி போன்ற செல்கள் செத்துப்போகலாம். செவிப்பறையில் விழுந்த சிறிய ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். உள்காது செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. சிலருக்கு ஒன்றிரண்டு நாளில் கேட்பது மெல்லத் திரும்பிவிடுகிறது, சிலருக்குத் திரும்புவதே இல்லை, இதில் நாம் எந்தப் பக்கம் என்பது வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. ஸ்டீராய்டு மருந்து தேவையா இல்லையா என்பதை டாக்டர் முடிவு செய்வார், ஆனால் கொடுப்பதாக இருந்தால் முதல் சில நாட்களிலேயே தொடங்குவதுதான் பலன் தரும், இரண்டு வாரம் கடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். எண்ணெய் விடாதீர்கள், தண்ணீர் போகவிடாதீர்கள், பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள். நாங்கள் இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் விட்டோம், அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அதன் நகலைத்தான் எல்லாரும் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். "காது வலி" என்று மட்டும் எழுத விடாதீர்கள். இன்ன தேதி, இத்தனை மணிக்கு, வேலை நேரத்தில், பக்கத்தில் துப்பாக்கி வெடித்ததால் காது கேட்கவில்லை, இரைச்சல் இருக்கிறது என்று வரவேண்டும், எந்தக் காது என்பதும் வரவேண்டும். அப்புறம் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சத்தம் வராத அறையில் ஹெட்போன் மாட்டி, எந்த ஒலி எத்தனை டெசிபலில் கேட்கிறது என்று வரைந்து தருவார்கள். வெடிச்சத்தத்தால் கெட்ட காதுக்கு அந்தக் கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம்போல் இறங்கியிருப்பது வழக்கம். வயசானதால் வந்தது என்று பின்னால் யாராவது சொன்னால் அந்தப் பள்ளம்தான் உங்களுக்காகப் பேசும்.

சரி, இனி உரிமைக்கு வருவோம். பலபேர் குழம்புவது இங்கேதான். ஒரு காது போனதை ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு தராசில் எடை போடுகிறது. ஒரு இடத்தில் கிடையாது என்று சொல்லிவிட்டால் எல்லா இடத்திலும் கிடையாது என்று அர்த்தமில்லை. நாங்கள் முதலில் போனது தப்பான வாசலுக்கு.

போனது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், கேட்டது அடையாள அட்டை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் அட்டவணை, இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், இரண்டு காதிலும் 60 முதல் 70 வரை இருந்தால் செவித்திறன் குறைந்தவர் என்றும் சொல்கிறது. இரண்டு காதிலும் என்ற வார்த்தைதான் முக்கியம். சதவீதம் போடும் கணக்கும் அப்படித்தான்: நல்ல காதின் இழப்பை ஐந்தால் பெருக்கி, மோசமான காதின் இழப்பைக் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். மச்சானுக்கு வலது காது நன்றாக இருக்கிறது, அதாவது பூஜ்யம். இடது காது முழுக்கப் போய்விட்டது, அதாவது நூறு. நூறை ஆறால் வகுத்தால் 16.6 சதவீதம். பெரும்பாலான சலுகைகள் 40 சதவீதத்தில்தான் தொடங்குகின்றன. அரசு வேலையில் காது கேளாதோருக்கான 1 சதவீத இடஒதுக்கீடு, பழைய வரி முறையில் 75,000 ரூபாய் வருமான வரிக் கழிவு, மத்திய அரசின் உபகரண உதவித் திட்டம் எல்லாம் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் இருக்கின்றன. ஒரு காது மட்டும் போனவர் இந்த வரிசையில் மாதக்கணக்கில் நிற்க வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். இரண்டு காதும் பாதிக்கப்பட்டிருந்தால் கண்டிப்பாக விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் ஆதார், புகைப்படத்தோடு பதிந்தால் மருத்துவக் குழுவுக்கு அழைப்பார்கள். வாய்ச்சொல்லில் சந்தேகம் வந்தால் பெரா என்ற சோதனை எடுப்பார்கள், நாம் பதில் சொல்லாமலே மூளைக்குச் சத்தம் போகிறதா என்பதை அது காட்டிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. கொடுத்த சதவீதம் குறைவு என்று நினைத்தால் மேல்முறையீடு செய்ய அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

இப்போது சரியான வாசல். வேலை நேரத்தில், வேலை காரணமாக இது நடந்திருந்தால், உங்கள் சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். வேலை விபத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே நடந்தாலும் உரிமை உண்டு. பிடித்த பணத்தை முதலாளி கட்டாமல் விட்டிருந்தாலும் உங்கள் பலன் போகாது, அதை அவரிடம் வசூலிப்பது ஈஎஸ்ஐ கழகத்தின் பாடு. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கொடுப்பார்கள், விபத்து நாள் நீங்கலாக மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் இருந்திருக்க வேண்டும். அந்தப் பணம் வாங்கும் காலத்தில் உங்களை வேலையை விட்டு நீக்க முடியாது. காது நிரந்தரமாகப் போய்விட்டது என்று உறுதியானதும் மருத்துவக் குழு சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று சதவீதம் போடும், அதற்கேற்ற தொகை வாழ்நாள் முழுக்க வரும்.

இதற்கெல்லாம் முதல் படி, முதலாளி கொடுக்க வேண்டிய விபத்து அறிக்கை. எங்கள் ஏஜென்சி கொடுக்கவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நீங்களே சொன்னீர்களே என்றார்கள். அப்புறம் ஒரு வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டு, பதினைந்தாயிரம் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். மச்சான் கிட்டத்தட்டப் போட்டிருப்பார், வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி இருந்தது. இப்படி எழுதி வாங்கி இழப்பீட்டு உரிமையைப் பறிக்க முடியாது, சட்டப்படி அந்த ஒப்பந்தம் செல்லாது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதை உடைக்க நாள் பிடிக்கும், போடாமல் இருப்பதே நல்லது. முதலாளி அறிக்கை தராவிட்டால் நீங்களே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் முதலாளிக்கும், ஒரு கடிதம் ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கும் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். வேனின் தரையில் இருந்த ஓட்டையை மச்சான் போனில் படம் எடுத்து வைத்திருந்தார், தேதியோடு. டாக்டரிடம் போக ஒன்பது நாள் ஆனது ஏன் என்று கேட்ட அதிகாரியிடம் அந்தப் படம்தான் கைகொடுத்தது.

ஈஎஸ்ஐ இல்லாதவர்கள் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும், தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகம். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் ஈஎஸ்ஐ சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. பெயர் மாறினாலும் அடிப்படை அதேதான்: வேலையில் காயம் என்றால் முதலாளி பொறுப்பு. ஈஎஸ்ஐ இருப்பவர் இங்கேயும் போய் இரண்டாவது முறை கேட்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தச் சட்டத்தில் உள்ள காயங்களின் அட்டவணையில் முழுச் செவிட்டுத்தன்மைக்கு 100 சதவீதம் என்று போட்டிருக்கிறது. ஒரு காதுக்கு என்று தனி வரி கிடையாது. இல்லை என்றதும் பலர் சோர்ந்து திரும்பிவிடுகிறார்கள், அப்படித் திரும்பாதீர்கள். அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று தகுதியுள்ள மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்பதே விதி. ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறனின் சதவீதமும் ஒன்றல்ல. 16.6 என்ற எண்ணை இங்கே தூக்கிக்கொண்டு வந்து யாராவது காட்டினால் அதை ஏற்க வேண்டியதில்லை. ஒரு காது போனவருக்குச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. மச்சானை இடதுபக்கம் நின்று கூப்பிட்டால் வலதுபக்கம் திரும்புகிறார். டீக்கடையில் இடதுகாது சுவர்ப்பக்கம் இருக்கும்படி தேடி உட்காருகிறார், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வெறுமனே சிரித்துக்கொண்டே இருக்கிறார். ரோட்டில் பணப்பெட்டியோடு இறங்குகிற வேலைக்கு இப்படி ஒருவரை வைத்துக்கொள்வார்களா? இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள்.

ஈஎஸ்ஐ இல்லாதவருக்கான கணக்குக்கு ஒரு உதாரணம்: வயது 40, மாதக் கூலி 15,000. அதில் 60 சதவீதம் 9,000. சட்டத்தின் வயது அட்டவணையில் நாற்பது வயதுக்கு உரிய எண் 184.17. பெருக்கினால் 16,57,530 ரூபாய், இது முழு இழப்புக்கு. சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போயிற்று என்றால் 3,31,506. பதினைந்தாயிரத்துக்குக் கையெழுத்துக் கேட்டது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இதை வைத்துப் பாருங்கள். இதுபோக, சிகிச்சைக்குச் செலவான பணத்தைப் பில் காட்டித் தனியாக வாங்கலாம். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி சேரும், காரணமில்லாமல் இழுத்தால் தொகையில் பாதி வரை அபராதமும் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் கோரிக்கை வைத்துவிடுங்கள்.

அரசு ஊழியர், பொதுத்துறை வங்கி ஊழியர் என்றால் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆன ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு இடம் தரவேண்டும், இடமே இல்லை என்றால் கூடுதலாக ஒன்றை உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, வங்கியில் வரிசையில் நின்ற வாடிக்கையாளரோ தெருவில் போனவரோ என்றால்? அவர்களுக்கு முதலாளி கிடையாது, போலீஸில் புகார் கொடுக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு கொடுங்காயம் எது எது என்று பட்டியல் போடுகிறது. இரண்டு காதில் எந்த ஒன்றின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனாலும் அது கொடுங்காயம். ஊனச் சான்றிதழில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிப்போகிற அதே காது, இங்கே கை கால் எலும்பு முறிவுக்குச் சமமாக நிற்கிறது. அஜாக்கிரதையால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் 125-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகார் கொடுத்ததும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்கிவிடுங்கள். வழக்கு நடக்கும்போது இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம், தொகையை முடிவு செய்வது சட்டப்பணிகள் ஆணைக்குழு. தொழிற்சாலைத் தொழிலாளர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். காவலாளி மேல் வழக்குப் போட மச்சானுக்கு மனசில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஈஎஸ்ஐ பலனை அது தடுக்கவுமில்லை.

ஈஎஸ்ஐ மருத்துவக் குழு முதலில் போட்ட சதவீதம் எங்களுக்குக் குறைவாகப் பட்டது. முடிவு கையில் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், செய்திருக்கிறோம். இந்தத் தடவை ஆடியோகிராம் மூன்றையும் தேதி வரிசையில் அடுக்கி, வேலை எப்படிப்பட்டது என்று ஒரு பக்கம் எழுதி மேலே வைத்திருக்கிறோம். செத்துப்போன காதின் பக்கம் வரும் சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் என்ற வகைக் கருவி இருக்கிறது என்று ஆடியோ எடுத்த பெண் சொன்னார். மாட்டிப் பார்த்த அன்று இடதுபக்கமிருந்து நான் மெதுவாகக் கூப்பிட்டேன், என்ன என்று கேட்டார். திரும்பியது மட்டும் வலதுபக்கம்தான்.