நடுவர் மூன்று வரை எண்ணினால் போதும் என்று யார் சொன்னது?

இந்த ஆண்டில் என்னிடம் வந்த மூன்றாவது மல்யுத்த நடுவர் அவர். பெருங்குடல் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சையும் அதைத் தொடர்ந்து ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்த கீமோதெரபியும் முடிந்து ஏழு வாரங்களே ஆகியிருந்த நிலையில், சிறு நிறுவனம் ஒன்று நடத்திய தொழில்முறை மல்யுத்த நிகழ்ச்சியில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை மறுபடியும் அணிந்து மேடையேறியிருக்கிறார். இரண்டாவது ஆட்டத்தில், கீழே அழுத்தப்பட்ட வீரரின் தோள்கள் மூன்று எண்ணும்வரை தரையில் பதிந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சறுக்கி விழுந்து எண்ணிவிட்டு எழுந்தபோது, தன் வலது பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. தடுமாறிக் கீழ்க் கயிற்றுக்கு அடியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதே நொடியில் மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து குதித்துக்கொண்டிருந்த வீரர், நடுவர்மீது விழாமல் தவிர்ப்பதற்காக அந்தரத்தில் உடலைத் திருப்பித் தன் தோள்மூட்டை விலக்கிக்கொண்டார்.

"மருத்துவர் அனுமதி கொடுத்தாரே" என்று ஒரு சான்றை என்னிடம் நீட்டினார். இலகுவான பணிகளில் ஈடுபடலாம் என்று அதில் எழுதியிருந்தது. மருத்துவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "நடுவராக இருக்கிறேன் என்று சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். அந்த மருத்துவரின் மனத்தில் விசிலோடு மைதான ஓரத்தில் நிற்கும் ஒருவரின் உருவம் வந்திருக்கும். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் இந்த ஒற்றைச் சொல்லால் விளைந்த காயங்களை மூன்றாவது முறையாகப் பார்த்த பிறகு, இதை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நான் புற்றுநோய் மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் இயன்முறை மருத்துவர். நோயாளிகள், குடும்பத்தினர், நிகழ்ச்சி அமைப்பாளர்கள், சில சமயம் என் சக மருத்துவர்கள் என எல்லோரிடமும் நான் கேட்கும் வாசகம் ஒன்றுதான்: "அவர் மல்யுத்தம் செய்வதில்லையே, ஓரமாக நின்று எண்ணத்தானே செய்கிறார்?" இதைவிடத் தவறான கருத்து இந்தத் துறையில் இல்லை. தொலைக்காட்சியில் கண்கள் வீரர்களையே பின்தொடர்வதால், நடுவரின் உடல் என்ன செய்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

அந்த மேடை எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்குகிறேன். எஃகுச் சட்டம், அதன்மேல் மரப்பலகைகள், அதன்மேல் மெல்லிய நுரைப்படுகை, அதன்மேல் இழுத்துக் கட்டிய கித்தான் துணி. குத்துச்சண்டை மேடையைப் போலவே தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் நிற்கும் அந்தப் பரப்பில்தான் நடுவர் ஓர் ஆட்டத்தில் பல முறை நெஞ்சும் முன்கையும் பதிய விழுந்து, உள்ளங்கையால் ஓங்கி அறைந்து எண்ணி, மூன்றாவது அடிக்கு முன்னால் வீரர் தோளைத் தூக்கிவிட்டால் உடனே எழுந்து விலக வேண்டும். சிறு நிறுவனங்களில் ஓரிரு நடுவர்களே இருப்பதால், ஒரே இரவில் நான்கைந்து ஆட்டங்கள் ஒருவர் தலையில் விழுவது இயல்பு. தொழில்முறை மல்யுத்தம் பேசி வைத்த கதைப்படி நடப்பது; அந்தக் கதையின் தேவைக்காக நடுவர்மீது வீரர் மோதுவதும், நடுவர் முதுகு அடிபட விழுவதும் உண்டு. அதைப் 'பம்ப்' (bump) என்பார்கள். முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டது என்பதனால் அந்தப் பலகை மென்மையாகிவிடுவதில்லை. நிகழ்ச்சிக்கு முன் எஃகுத் தூண்களையும் பலகைகளையும் வண்டியிலிருந்து இறக்கி மேடையைப் பூட்டுவதும், நள்ளிரவில் பிரித்து ஏற்றுவதும் பல இடங்களில் நடுவரின் வேலையாகவே இருக்கிறது. வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு, அதிலும் ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் திறப்பு) வைக்கப்பட்டவருக்கு, விழுவதைவிட இந்தச் சுமைதான் குடலிறக்கத்தைக் கொண்டுவரும். அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, மேடையில் இருக்கும் மூவரில் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் நடுவர்தான் என்பது. ஒரு வீரர் சொல்லும் செய்தியை மற்றவரிடம் கொண்டுபோவது, எத்தனை நிமிடங்கள் மீதமிருக்கின்றன என்று தெரிவிப்பது, விழுந்து கிடப்பவர் நடிக்கிறாரா உண்மையிலேயே நினைவிழந்தாரா என்று கையைப் பிடித்துப் பார்ப்பது, உண்மையான காயமென்றால் இரு கைகளையும் தலைக்குமேல் பெருக்கல் குறியாக உயர்த்தி உதவியை அழைப்பது ஆகிய எல்லாம் அவர் கடமை. அவர் தளர்ந்தால் தளர்வது ஒருவர் மட்டும் அல்ல.

இனி, சிகிச்சை உடலில் விட்டுச் செல்வதைப் பற்றி. முதலில் நரம்புகள். ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், பாக்லிடாக்சல், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் கை கால்களின் நுனி நரம்புகளைப் பாதிக்கும். மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பாதம் இருக்கும் இடம் தெரியாமை ஆகியவை வரும். நோயாளிகள் அறியாத செய்தி என்னவென்றால், பிளாட்டினம் வகை மருந்துகளில் இந்தப் பாதிப்பு மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் வரை கூடிக்கொண்டே போகலாம். கடைசி கீமோ முடிந்த நாளில் நன்றாக நடந்தவர் இரண்டு மாதம் கழித்துத் தடுமாறுவது இதனால்தான். "சிகிச்சை முடிந்துவிட்டது, இனி முன்னேற்றம்தான்" என்ற கணக்கு இங்கே பொருந்தாது. நான் இவர்களைக் கால்களைச் சேர்த்துக் கண்களை மூடி நிற்கச் சொல்லிப் பார்ப்பேன், பிறகு ஒற்றைக் காலில், முதலில் வெறுங்காலுடன், அடுத்து மேடையில் அணியும் அதே காலணியுடன், கடைசியாக அமுங்கும் நுரைப்படுகையின்மேல். மருத்துவமனையின் உறுதியான தரையில் தேறிய பலர் நுரைப்படுகையில் தேறுவதில்லை.

இரத்த அணுக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், மருத்துவர்கள் இதை ஏற்கெனவே வலியுறுத்துவதால். பொதுவாக ஒவ்வொரு கீமோ சுற்றுக்கும் பிறகு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் தாழ்ந்திருக்கும். வியர்வையும் இரத்தமும் படிந்த கித்தானிலிருந்து படர்தாமரையும், தோல் அக்கியும், மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற நுண்ணுயிர்களும் தொற்றும் என்பது மல்யுத்தம் அறிந்த எவருக்கும் தெரியும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பு. 50,000-க்குக் கீழே மோதல் உள்ள எந்த விளையாட்டும் கூடாது என்பது பரவலான நடைமுறை. மேடையில் விழும் பயிற்சிக்கு நான் 1,00,000-க்குக் கீழே ஒருபோதும் அனுமதிப்பதில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்கு என் பதில் இன்னும் சுருக்கமானது: அந்த மருந்து நிற்கும்வரை மேடை வேண்டாம். தலையில் ஒரு சிறு அடி போதும். காறை எலும்புக்குக் கீழே மருந்து செலுத்தும் போர்ட் கருவி இன்னும் இருந்தால், நெஞ்சு பதிய விழும் ஒவ்வொரு முறையும் அடி அதன்மேல்தான் இறங்கும்.

எலும்புகளைப் பற்றிக் கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. நீண்டகால ஸ்டீராய்டு, புராஸ்டேட் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தரப்படும் ஹார்மோன் தடுப்பு மருந்துகள் பல ஆகியவை எலும்பின் அடர்த்தியைக் குறைக்கின்றன. இடுப்பிலும் மார்புக்கூட்டிலும் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு, அந்த இடத்து எலும்பு சாதாரண அழுத்தத்திலேயே விரிசல் காணக்கூடும். எலும்புக்குப் பரவிய நோய் இருந்தால் விழுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். கீமோ மருந்துகளில் டாக்சோரூபிசின் பெற்றவர்கள் இதயத்துக்கான எக்கோ பரிசோதனையையும், பிளியோமைசின் பெற்றவர்கள் நுரையீரல் திறன் பரிசோதனையையும் முடித்துவிட்டே என்னிடம் வர வேண்டும். டாக்சோரூபிசினால் வரும் இதயத் தளர்ச்சி ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும்.

அக்குளில் நிணநீர் முடிச்சுகள் நீக்கப்பட்டவர்களிடம் "வீங்கிவிடும், அந்தக் கையை அசைக்கவே கூடாது" என்று இன்றும் சொல்லப்படுவதைக் கேட்டு நான் வருந்துகிறேன். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கையில் நிணநீர் வீக்கம் இருந்த 141 பெண்களிடம் நடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், படிப்படியாகக் கூட்டிய எடைப்பயிற்சி வீக்கத்தை மோசமாக்கவில்லை. திடீரென வீக்கம் கூடிய நிகழ்வுகள் குறையவே செய்தன. படிப்படியாக என்பதுதான் அதன் உயிர். மாதக்கணக்கில் ஓய்ந்திருந்த கையால் ஒரே இரவில் நூறு முறை பலகையை அறைவது அதில் சேராது. எண்ணும் கையை மாற்றிக்கொள்ளப் பழகுங்கள். சில வாரங்களில் பழகிவிடும்.

நான் மிகவும் அஞ்சுவது வெளியே தெரியாத இரண்டு குறைகளைத்தான். சிஸ்பிளாட்டின் செவியைப் பாதிக்கும், முதலில் உயர் சுருதி ஒலிகளை. அமைதியான அறையில் பேச்சு நன்றாகக் கேட்பதால் நோயாளிக்கே அது தெரியாது. கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, தரையில் கிடக்கும் வீரர் பல்லைக் கடித்தபடி "கழுத்து" என்று முணுமுணுப்பது அவருக்கு எட்டாது. அடுத்தது கவனமும் நினைவும். கீமோவுக்குப் பிறகு பலருக்கும் சில காலம், சிலருக்கு நெடுங்காலம், ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்திருப்பது கடினமாகிறது. நடுவரோ நேரத்தையும், பேசி வைத்த முடிவையும், இரு உடல்களின் நிலையையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டியவர். செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளாமல் மேடையேறுவது, உங்களை நம்பித் தலைகீழாகத் தொங்கும் ஒருவருக்குச் செய்யும் அநீதி. இதைக் கடுமையாகவே சொல்கிறேன்.

இத்தனையும் படித்துவிட்டு வீட்டிலேயே அமர்ந்துவிடுவதுதான் சரி என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். புற்றுநோய்ச் சோர்வு ஓய்வால் தீர்வதில்லை. அளவான உடற்பயிற்சிதான் அதைக் குறைக்கிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (ACSM) என்ற அமைப்பு கூட்டிய வல்லுநர் குழு 2019-இல் வெளியிட்ட பரிந்துரை, வாரத்தில் மூன்று நாட்கள் அரை மணி நேரம், வேக நடை போன்ற மிதமான ஏரோபிக் பயிற்சியையும், இரண்டு நாட்கள் தசை வலுப்பயிற்சியையும் குறிப்பிடுகிறது. மேடைக்குத் திரும்புவதே குறிக்கோளாக இருக்கும்போது, இந்தப் பயிற்சிகளை யாரும் தவறவிடுவதில்லை என்பது என் அனுபவம். உங்கள் விருப்பத்தை நான் பகையாக நினைக்கவில்லை. அதை வைத்துத்தான் உங்களை எழுப்பி நிறுத்துகிறேன்.

WWE மல்யுத்த வீரர் ரோமன் ரெய்ன்ஸ் 2018 அக்டோபரில் இரத்தப் புற்றுநோயை அறிவித்து 2019 பிப்ரவரியிலேயே திரும்பவில்லையா என்று ஏறக்குறைய ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். இரத்தப் புற்றுநோய் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, பல நோய்களின் பொதுப் பெயர்; மாத்திரையால் கட்டுப்படுபவையும் உண்டு, எலும்பு மச்சை மாற்றம் வரை செல்பவையும் உண்டு. அவருடைய நான்கு மாதங்கள் உங்கள் நாட்காட்டி ஆகாது. அவர் திரும்பிய நிறுவனத்தில் மேடையருகே மருத்துவர்கள் இருந்தார்கள்; நீங்கள் திரும்பும் அரங்கில் முதலுதவிப் பெட்டியாவது இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். காப்பீடு இருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நீங்கள் நடுவராக நின்ற பழைய ஆட்டம் ஒன்றின் காணொளியைக் கைப்பேசியில் எடுத்துச் சென்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு நிமிடம் போதும். 'நடுவர்' என்ற சொல்லை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். முதல் கட்டத்தில் மேடைக்குக் கீழே நேரக் கணக்கு பார்க்கலாம், மணி அடிக்கலாம். அடுத்து, ஆளில்லாத மேடையில் சறுக்கி விழுந்து எழுந்து எண்ணிப் பழகலாம். அதன் பிறகு பயிற்சிப் பள்ளியில் பார்வையாளர் இல்லாத ஆட்டங்கள். கடைசியாக ஓர் இரவுக்கு ஒரே ஓர் ஆட்டம், ஒருவரை ஒருவர் மட்டும் மோதுவது, பம்ப் இல்லாமல். மறுநாள் காலையில் எழ முடியாத சோர்வு இருந்தால் ஒரு கட்டம் கீழே இறங்குங்கள். மேடை பூட்டும் வேலைக்குத் தனியாக அனுமதி கேளுங்கள். காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், அது நிகழ்ச்சி நாளாக இருந்தாலும், மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தனக்குப் பதிலாக வந்தவரே நிரந்தரமாகிவிடுவாரோ என்ற அச்சத்தில்தான் இவர்கள் ஏழாவது வாரத்தில் ஓடி வருகிறார்கள். என்னிடம் வந்த மூவரும் அதையே சொன்னார்கள். "உன் இடம் அப்படியே இருக்கிறது, பொறுமையாக வா" என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம், நான் தரும் பயிற்சிகளில் பாதியைவிட அதிகம் செய்யும். தயவுசெய்து சொல்லுங்கள்.

மணிக்கட்டு முறிந்தவர் இப்போது ஆளில்லாத மேடைக் கட்டத்தில் இருக்கிறார். வலது பாதத்தில் உணர்வு முழுவதும் திரும்பவில்லை. அது முழுவதும் திரும்பும் என்று அவருக்கு நான் உறுதி கூறவும் இல்லை. எழும்போது இடது காலை முதலில் ஊன்றவும், ஊன்றிய பாதத்தைக் கண்ணால் ஒரு முறை பார்த்துக்கொள்ளவும் பழகி வருகிறார். தோள் விலகிய அந்த வீரர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, அவர் விழுந்து எண்ணும் நேரத்தை மேடைக்கு வெளியே நின்று கணக்கிடுகிறார்.