டவுன்லேண்டைத் தமிழில் என்னவென்று சொல்வது?

அயர்லாந்தின் நாட்டுப்புறத்தைப் பற்றி எதை வாசித்தாலும் 'டவுன்லேண்ட்' என்ற சொல் எதிர்ப்படும். டவுன் என்றால் நகரம்தானே என்று 'நகர நிலம்' என எழுதிவிட்டால் பொருளே கெட்டுப்போகும். பல டவுன்லேண்டுகளில் பத்து வீடுகூடத் தேறாது. ஒரு வீடும் இல்லாதவையும் உண்டு.

பெயரும் எல்லையும் உள்ள ஒரு நிலப்பரப்புதான் டவுன்லேண்ட். மாகாணம், கவுண்டி, பேரனி, பாரிஷ் என்ற நிலப்பிரிவுகளில் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கிவந்தால் கடைசிப் படி இது. எல்லை பெரும்பாலும் ஓர் ஓடையாகவோ, மண்வரப்பாகவோ, பழைய வேலியாகவோ இருக்கும். அயர்லாந்துத் தீவு முழுவதும் 60,000க்கும் மேல் இருக்கின்றன. அளவில்தான் எவ்வளவு வேறுபாடு! மேயோ கவுண்டியின் ஷெஸ்கின் 7,000 ஏக்கரைத் தாண்டும். டைரோன் கவுண்டியில் ஒரு பழைய தேவாலயத்து இடுகாடே ஒரு டவுன்லேண்ட், அது ஓர் ஏக்கர்கூட இல்லை.

ஆங்கிலச் சொல்லில் உள்ள 'டவுன்' பழைய ஆங்கிலத்தின் 'டூன்'. வேலியடைத்த இடம், பண்ணை என்பதே அதன் முதற்பொருள். ஆனால் பெயர்தான் ஆங்கிலம். பிரிவு, ஐரிஷ் மொழி பேசிய கேலிக் மக்களுடையது. 12ஆம் நூற்றாண்டில் நார்மானியர் வந்து இறங்குவதற்கு முன்பே இதன் வேர் இருக்கிறது. நிலத்தை வாழ்வாதாரத்தால் அளந்தார்கள். வட மாகாணமான அல்ஸ்டரில் 'பாலிபோ' என்றார்கள். 'போ' என்றால் பசு. வேறு இடங்களில் ஏர் உழும் அளவைக் கொண்டு கணக்கிட்டார்கள்.

ஐரிஷில் இதற்கு 'பால்யே ஃபாரின்' என்று பெயர். பால்யே என்றால் ஊர், ஃபாரன் (சேரும்போது ஃபாரின்) என்றால் நிலம். அயர்லாந்து வரைபடத்தில் கண்ணில் படும் 'பாலி' எல்லாம் பெரும்பாலும் இந்தப் பால்யேதான். பாலிமோர் என்றால் பேரூர், பாலிபெக் என்றால் சிற்றூர், பாலினோ என்றால் புதூர். நம் ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் பார்த்தது போலவே இருக்கிறது, இல்லையா?

1824இல் தொடங்கிய ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைப் பணி, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் தீவு முழுவதையும் வரைந்தது. ஜான் ஓ'டோனவன் என்ற அறிஞர் ஊர் ஊராகப் போய், அங்குள்ளவர்கள் பெயரை எப்படி உச்சரிக்கிறார்கள், அதற்கு என்ன பொருள் சொல்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் எத்தனையோ பெயர்களின் பொருள் இன்று நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் வரைபடத்தில் ஏறியது ஆங்கில எழுத்துக்கூட்டல்தான்.

பெயரின் ஆயுள் எவ்வளவு என்பதற்கு ராஸ்காமன் கவுண்டியின் பாலிகில்க்லைனைச் சொல்லலாம். அங்கே அரசுடைமை நிலத்தில் குடியிருந்த குத்தகைதாரர்கள் 1830களிலிருந்தே குத்தகை கட்ட மறுத்தார்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து வந்த பெரும் பஞ்சத்தின் நடுவே, 1847, 1848இல், பிரிட்டிஷ் அரசு அவர்களை வெளியேற்றி, கப்பல் கட்டணத்தையும் தானே கொடுத்து நியூயார்க்குக்கு அனுப்பியது. குடிசைகள் இடிக்கப்பட்டன. ஆள் போனாலும் பெயர் போகவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அவர்களுடைய சந்ததியினர் அதே பெயரில் சங்கம் வைத்துத் தேடி வந்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சிற்றூர்', 'குக்கிராமம்' இரண்டும் வீடுகளைத்தான் குறிக்கும். ஆளில்லாத டவுன்லேண்டுக்குப் பொருந்தாது. எல்லை வரையறுத்துக் கணக்கில் ஏற்றிய நிலம் என்ற வகையில் 'வருவாய் கிராமம்' நெருங்கி வருகிறது. ஆனால் அது வரிவசூல் வாடை வீசும் சொல். 1970களில் வட அயர்லாந்தில் அஞ்சல் துறை முகவரிகளில் சாலைப் பெயரையும் வீட்டு எண்ணையும் கொண்டுவந்தபோது, ஃபெர்மானா கவுண்டி மக்கள் டவுன்லேண்ட் பெயரை விடமாட்டோம் என்று நின்றார்கள். அந்தப் பற்றை அலுவலகச் சொல் தாங்காது.

என் தேர்வு 'ஊர்நிலம்'. பால்யே ஃபாரின் என்பதற்குச் சொல்லுக்குச் சொல் ஒத்துவருகிறது, கேட்டதும் புரிகிறது. சேர்த்தே எழுதுங்கள், பிரித்தால் ஊருக்குச் சொந்தமான நிலம் என்று ஆகிவிடும். "1911 கணக்கெடுப்பில் இந்த ஊர்நிலத்தில் நான்கு வீடுகள் இருந்தன" என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது. பாலிகில்க்லைன் போன்ற பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிட்டு, பொருள் தெரிந்தால் பக்கத்தில் குறிக்கலாம்.