பெயர்த் தகட்டை மட்டும் பார்த்து ஆர்கனுக்கு வயது சொல்லாதீர்கள்

மூடப்படவிருந்த ஒரு பழைய மெதடிஸ்ட் ஆலயத்தின் பைப் ஆர்கனை, அதாவது குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் இசைக்கருவியைப் பார்த்துக் கருத்துச் சொல்லுமாறு வடஇங்கிலாந்திலிருந்து அண்மையில் எனக்கு அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் உலோகக் குழல்கள் அனைத்தையும் பழைய ஈய விலைக்கு எடைபோட்டுக் கொடுத்துவிட்டார்கள். எஞ்சியிருந்தவை எவராலும் எளிதில் தூக்க முடியாத, காலால் இசைக்கும் பெடல் வரிசையின் மரக்குழல்கள் மட்டுமே. ஏன் இந்த அவசரம் என்று கேட்டபோது, “தகட்டில் 1956 என்றுதானே இருக்கிறது, அப்படியொன்றும் பழையதில்லையே” என்றார்கள். அந்த மரக்குழல்களின் வாய்க்கு மேலே மையால் எழுதப்பட்டிருந்த சுர எழுத்துகளோ அதற்கும் நூறாண்டு முந்தைய கையெழுத்து. ஆர்கன் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது புதிய அனுபவம் அன்று என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

விசைப்பலகைக்கு மேலே பதித்திருக்கும் பித்தளைத் தகடோ தந்தத் தகடோ அந்த ஆர்கனின் பிறப்புச் சான்றிதழ் அன்று. அதைக் கடைசியாகப் பிரித்துச் சேர்த்த நிறுவனம் தன் பெயரைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆர்கனைப் புதுப்பிக்கும்போது விசைப்பலகை மாறும், கையால் அடித்த துருத்திக்கு மின்விசிறி வரும், விசையையும் குழலையும் இணைக்கும் மரச்சட்டங்களுக்குப் பதிலாகக் காற்றுக்குழாயோ மின்கம்பியோ வரும். குழல்கள் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஏனென்றால் செலவு மிகுந்த பகுதியும் சரியாகக் காத்தால் தேயாத பகுதியும் அவையே. ஆகவே 1956 என்ற தகட்டுக்குப் பின்னால் 1850-இன் குழல்கள் நிற்பதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆலயத்தின் அடிக்கல்லில் உள்ள ஆண்டை ஆர்கனின் ஆண்டாக எடுத்துக்கொள்வதும் இதே தவறுதான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி கட்டிய லண்டன் சிட்டி ரோடு ஆலயம் 1778-இல் திறக்கப்பட்டது. அங்கே ஆர்கன் வந்தது 1882-இல்.

தொடக்க கால மெதடிஸ்டுகள் ஆர்கனை எளிதில் ஏற்றவர்கள் அல்லர். ஜானின் தம்பி சார்லஸ் வெஸ்லியின் மகன்கள் இருவரும் பெயர்பெற்ற ஆர்கன் கலைஞர்களாக விளங்கியபோதும், சபையார் தம் குரலாலேயே பாட வேண்டும் என்ற எண்ணம் ஆலயங்களில் வலுவாக இருந்தது. பெரிய ஆலயங்களில் மட்டும், சிறப்பு அனுமதி பெற்று ஆர்கன் வைக்கலாம் என்று, மெதடிஸ்டுகளின் உயர் நிர்வாக அமைப்பான மாநாடு 1820-இல் இசைந்தது. லீட்ஸ் நகரின் பிரன்ஸ்விக் ஆலய அறங்காவலர்கள் அவ்வாறு விண்ணப்பித்தபோது உள்ளூர்த் தலைவர்கள் கூட்டம் எதிர்த்தது, மாவட்டக் கூட்டமும் மறுத்தது. அவற்றை மீறி 1827 மாநாடு அனுமதி கொடுத்ததால் சுமார் ஆயிரம் பேர் வெளியேறி, புராட்டஸ்டன்ட் மெதடிஸ்டுகள் என்ற பெயரில் தனிச் சபையாயினர். பூசலின் வேர் உள்ளூர்ச் சபைக்கும் மாநாட்டுக்கும் இடையே இருந்த அதிகாரப் போட்டிதான் என்றாலும், அது வெடித்தது வேக்ஃபீல்டின் ஜோசப் பூத் செய்த ஓர் ஆர்கனை முன்னிட்டுத்தான். இப்படி ஒரு சபையையே பிளந்த கருவியின் வழித்தோன்றல்களைத்தான் இன்று கிலோ கணக்கில் விற்கிறார்கள்.

அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் ஆர்கன் இல்லாத பெரிய மெதடிஸ்ட் ஆலயம் அரிதாகிவிட்டது. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி உலகெங்கும் 7,600-க்கும் மேற்பட்ட ஆர்கன்களுக்குப் பணம் கொடுத்தவர். அவற்றுள் சில இத்தகைய ஆலயங்களுக்கும் வந்தன. பின்னர் 1932-இல் வெஸ்லியன், பிரிமிட்டிவ், யுனைடெட் என்னும் மூன்று மெதடிஸ்ட் பிரிவுகளும் ஒன்றாயின. ஒரே தெருவில் இரண்டு ஆலயங்கள் எதற்கு என்று ஒன்றை மூடியபோது அதன் ஆர்கன் மற்றொன்றுக்கு இடம்பெயர்ந்த கதைகள் ஏராளம். எந்தக் குழல் எங்கிருந்து வந்தது என்பதைச் சபைக் குறிப்பேடு சொல்லாவிட்டாலும் ஆர்கன் சொல்லும்.

பார்க்க வேண்டிய இடங்கள் உள்ளே இருக்கின்றன. உலோகக் குழலின் உடலில் செய்தவர் ஊசியால் கீறிய சுர எழுத்தும் வரிசையின் பெயரும் இருக்கும். இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பல விசைப்பலகைகள் இன்றுபோல் ‘சி’ சுரத்தில் தொடங்காமல் அதற்குக் கீழே ‘ஜி’ சுரத்தில் தொடங்கின. பின்வந்தோர் குழல்களை நகர்த்தி அடுக்கினார்கள். எனவே கீறிய எழுத்தும் அந்தக் குழல் இன்று ஒலிக்கும் சுரமும் பொருந்தவில்லை என்றால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். துருத்தியின் உட்புறம் ஒட்டிய பழைய செய்தித்தாளில் தேதி இருக்கலாம். குழல்கள் நிற்கும் காற்றுப்பெட்டியின் கதவுக்குப் பின்னால் சுருதி சேர்க்க வந்தவர்கள் பென்சிலால் எழுதிய ஆண்டும் அன்றைய குளிரும் இருக்கும். துருத்தி அடித்த சிறுவர்கள் கைப்பிடி அருகே கத்தியால் செதுக்கிய பெயர்களின் மேல் தயவுசெய்து வண்ணம் பூசாதீர்கள்.

குழலைக் கையால் உருவி எடுக்காதீர்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்த உலோகம் விரல் அழுத்தத்திலேயே நசுங்கும், தொட்ட கையை உடனே கழுவவும் வேண்டும். நெடுநாள் ஓடாத மின்விசிறிக் காற்றூதியைச் சுவிட்ச் போட்டுச் சோதிக்காதீர்கள். பழைய காற்றூதிப் பெட்டிகள் சிலவற்றின் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. வாரம் முழுதும் குளிரவிட்டு ஞாயிறு காலை மட்டும் ஹீட்டரை உச்சத்தில் வைக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். காற்றுப்பெட்டியின் பலகைகளை வெடிக்கச் செய்வது முதுமையைவிட இதுதான். ஒரு சுரம் நிற்காமல் ஊளையிட்டால் அது பெரும்பாலும் தூசியோ தளர்ந்த ஸ்பிரிங்கோதான். அதற்காக மின்னணு ஆர்கன் வாங்கத் தீர்மானம் போடாதீர்கள்.

பழைய மெதடிஸ்ட் ஆலயங்களை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தும் தமிழ்ச் சபையாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மேடைக்கு இடம் போதவில்லை என்று ஆர்கனின் மரப்பலகைகளைக் கழற்றாதீர்கள். ஒலிபெருக்கிக் கம்பிகளை அதன் உள்ளே செலுத்தாதீர்கள். ஆலயம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால், உரிய அனுமதியின்றி அறங்காவலர்களேகூட ஆர்கனை அகற்றக் கூடாது. அகற்றியே தீர வேண்டிய நிலை வந்தால், ஒரு திருகைக்கூடத் தொடுவதற்கு முன் பிரிட்டனின் ஆர்கன்களைப் பட்டியலிடும் நேஷனல் பைப் ஆர்கன் ரெஜிஸ்டரில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள். இணையத்தில் அது இலவசம். அங்குள்ள பதிவையும், விசைப்பலகை, ஒவ்வொரு வரிசையின் அடிக்குழலில் உள்ள எழுத்து, கதவுகளின் பின்புறம் ஆகியவற்றின் படங்களையும் எடுத்துக்கொண்டு திருச்சபையின் ஆர்கன் ஆலோசகரிடம் பேசுங்கள். பழைய உலோகக் கடைக்காரரின் எண்ணை அதன் பிறகு தேடிக்கொள்ளலாம்.