பாலினத்துக்கு ஒரு பிட் போதுமா?

ஆண் என்றால் 'உண்மை', பெண் என்றால் 'பொய்'. டேட்டாபேஸில் பாலினத்தைச் சேமிக்கப் பலரும் முதலில் யோசிக்கும் வழி, ஒரே பிட்டில் அடங்கும் இந்த இரண்டு மதிப்பு வகையான பூலியன்தான். சரி, ஒருவர் பதிலே சொல்லாவிட்டால்? கட்டம் காலியாக, அதாவது 'நல்' ஆக நிற்கும். டேட்டாபேஸிலிருந்து விவரம் கேட்கப் பயன்படும் எஸ்கியூஎல் மொழியில் இந்த 'நல்' மதிப்பை எதோடு ஒப்பிட்டாலும் விடை 'தெரியாது' என்றே வரும். ஆகவே "ஆண்களை எடு" என்றாலும் அவர் வரமாட்டார், "ஆண் அல்லாதவர்களை எடு" என்றாலும் வரமாட்டார். எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் ஒரு மனிதர் கணக்கிலிருந்து காணாமல் போவார். எனக்கு இதுதான் பெரிய கவலை.

ஐஎஸ்ஓ 5218 தரநிலை இதை எண்களால் கையாள்கிறது: 0 தெரியாது, 1 ஆண், 2 பெண், 9 பொருந்தாது. தெரியாததையும் பொருந்தாததையும் பிரித்தது நல்ல வேலை. பதிவில் இருப்பது ஆளே இல்லாமல் நிறுவனமாகவும் இருக்கலாமே. ஆனால் ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதவருக்கு அதில் எண் இல்லை. தொடர்பு விவரங்களைப் பகிர்வதற்கான, 2011இல் வந்த விகார்ட் 4.0 வடிவம் இன்னும் யோசித்துச் செய்யப்பட்டது. அதில் இரண்டு பகுதிகள்: ஒன்றில் ஓரெழுத்துக் குறியீடு, 'மற்றவை' உட்பட. இன்னொன்றில் அவரவர் தம் அடையாளத்தைச் சொந்தச் சொற்களில் எழுதலாம்.

இந்தப் பிரிப்பு ஏன் தேவை என்பது மருத்துவமனையில் நன்றாகத் தெரியும். ரத்தத்தில் உள்ள கிரியேட்டினினை வைத்துச் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணிக்கும் சூத்திரத்துக்கு நோயாளியின் வயதும் பால்வகையும் (உடல் சார்ந்த பால்) வேண்டும். வரவேற்பில் இருப்பவருக்கோ அந்த நோயாளியை எப்படி அழைப்பது என்று தெரிந்தால் போதும். இரண்டுக்கும் டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரே நெடுவரிசையை வைத்தால், பெண் என்று பதிவான திருநங்கைக்கு புராஸ்டேட் பரிசோதனையை மென்பொருள் காட்டாமலே விட்டுவிடலாம். அவருக்கு அந்தச் சுரப்பி இருக்கும். அதனால்தான் மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான ஃபயர் (FHIR) தரநிலை, நிர்வாகத்துக்கான பாலினத்தையும் சிகிச்சைக்குத் தேவையான பால்வகைத் தகவலையும் தனித்தனியே வைக்க வழி செய்கிறது.

எனவே நெடுவரிசையை உருவாக்கும் முன் கேட்க வேண்டியது "எத்தனை விருப்பங்கள்?" என்பதல்ல, "இந்த விவரத்தை வைத்து என்ன செய்யப் போகிறோம்?" என்பதே. கடிதத்தில் விளிக்க மட்டும்தான் என்றால், எப்படி விளிக்கலாம் என்று நேராகக் கேட்டுவிடலாம். ஒன்றும் செய்யப்போவதில்லை என்றால் கேட்கவே வேண்டாம். தேவைக்கு மேல் விவரம் சேகரிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

கேட்டே ஆக வேண்டும் என்றால், விருப்பங்களைத் தனி அட்டவணையில் வையுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்க அங்கே ஒரு வரிசை போதும், நிரலைத் தொட வேண்டாம். 'சொல்ல விரும்பவில்லை' என்பதும் 'நல்' ஆக இல்லாமல் அதில் ஒரு மதிப்பாகவே இருக்கட்டும். அப்புறம், பதிவை மாற்றும் வழியை அதற்கு உரியவர் கையிலேயே கொடுங்கள்.