ரிமோட் சென்சிங்: தொலையுணர்வா, தொலையுணர்தலா?

கஜா புயல் அடிச்சப்போ, அதாவது 2018 நவம்பர் 16, நான் பெங்களூர்ல நியூ பெல் ரோடு பக்கம் குடியிருந்தேன், இஸ்ரோ தலைமையகம் இருக்குற ஏரியா. அதனால பேராவூரணி சித்தப்பாவுக்கு போன் லைன் கிடைச்சதும் கேட்டதே, "ஏம்ப்பா, உங்க ஊரு சாட்டிலைட்ல பாத்தா நம்ம தோப்பு விழுந்து கெடக்குறது தெரியுமா?"ன்னுதான். அதுக்கு ரிமோட் சென்சிங்னு பேரு சித்தப்பான்னேன். "டிவி ரிமோட்டா?"ன்னாரு.

சும்மா சொல்லல, அதே ரிமோட்தான். லத்தீன்ல தள்ளி வெச்சதுன்னு அர்த்தம், சென்ஸ் வர்றதும் லத்தீன்ல இருந்துதான், உணர்றது. ரெண்டையும் சேர்த்து பேரு வெச்சவங்க எவ்லின் ப்ரூயிட், அமெரிக்க கடற்படை ஆராய்ச்சி ஆபீஸ்ல இருந்த புவியியலாளர், 1950கள் கடைசில. கண்ணுக்குத் தெரியாத ஒளியிலயும் படம் எடுக்க ஆரம்பிச்சதால வான்வழி போட்டோங்கிற பேரு பத்தாம போச்சு.

பயிர்ச்சேதம் பாக்குறதுக்கு அந்த கண்ணுக்குத் தெரியாத ஒளிதான் முக்கியமே. நல்லா இருக்குற இலை சிவப்பை உறிஞ்சிட்டு அகச்சிவப்பை (சிவப்புக்கு அடுத்து இருக்கறது) நிறைய திருப்பி விடும், காஞ்சா இந்த வித்தியாசம் குறையும், புயலுக்கு முன்னாடி படம் பின்னாடி படம் ரெண்டையும் வெச்சு அதைக் கணக்கு போடுவாங்க. ஆனா தென்னைல ஒரு வம்பு இருக்கு, வேரோட சாஞ்ச மரம் கூட கொஞ்ச நாளைக்கு பச்சையாவே கெடக்கும், உடனே பாத்தா சேதம் கம்மியா தெரியும். மேகம் மூடினா படமே வராது, அப்போ ரேடார்தான் கைகொடுக்கும். சென்டினல்-2ங்கிற ஐரோப்பிய சாட்டிலைட் படத்துல ஒரு பிக்சல் (படத்தோட ஒரு புள்ளி) தரையில 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம்ம ஆளுங்க 25 அடிக்கு ஒரு கன்னு வைக்கிறாங்க, அப்போ ஒரு பிக்சலுக்குள்ள சுமாரா ரெண்டு மரம். சித்தப்பாவோட ஒரு ஏக்கரே வெறும் 40 பிக்சல்!

தமிழ்ல பேப்பர்காரங்க தொலையுணர்வுன்னு எழுதுறாங்க. எனக்கு அது ஒட்டல, உணர்வுன்னா பசி, வலி மாதிரி உள்ளுக்குள்ள இருக்கற விஷயம், சாட்டிலைட்டுக்கு ஏது அதெல்லாம், அது பண்றது ஒரு வேலை. அதனால தொலையுணர்தல்தான் சரின்னு படுது.

இதை சித்தப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "தொலைஞ்சதை உணர்றதா? அதுக்கு சாட்டிலைட் எதுக்குப்பா"ன்னாரு.