டெர்மினேட்டர் எதையும் முடித்துவைப்பதில்லை

"வன்வட்டு தென்படாவிடில் வடம் சரியாக முடிவுறுத்தப்பட்டுள்ளதா எனச் சரிபார்க்கவும்." பழைய ஸ்கஸி (SCSI, கணினியோடு டிஸ்க்குகளை இணைக்கும் ஒரு முறை) டிஸ்க் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் இந்த ரக வாக்கியத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. படிப்பவர் என்னதான் செய்வார்? கேபிளை நறுக்குவதா, கணினியை அணைப்பதா?

ஆங்கில 'டெர்மினேட்'டைத்தான் இப்படி 'முடிவுறுத்து' என்று பெயர்த்திருக்கிறார்கள். அதன் மூலம் லத்தீன் 'டெர்மினுஸ்': எல்லை, எல்லைக்கல். பஸ் டெர்மினஸும் அந்த வழிதான். அது போகட்டும்.

ஸ்கஸியில் ஒரே கேபிளில் கன்ட்ரோலரும் (டிஸ்க்குகளைக் கணினியோடு பேசவைக்கும் அட்டை) டிஸ்க்குகளும் வரிசையாகக் கோத்திருக்கும். கேபிளின் கோடிக்கு ஓடிய சைகையை (சிக்னலை) அங்கே வாங்கிக்கொள்ள ஏதும் இல்லையென்றால், கிணற்றில் கூப்பிட்ட குரல்போலத் திரும்பி வந்து பின்னால் வரும் சைகையைக் குழப்பும். டிஸ்க் இன்று தெரியும், நாளை தெரியாது. பெரிய கோப்பை நகலெடுத்தால் பாதியில் நின்றுவிடும். இதற்குத்தான் இரு கோடியிலும் மின்தடைகள். இவைதான் டெர்மினேட்டர். ஒவ்வொரு சைகைக் கம்பிக்கும் 5 வோல்ட் பக்கம் 220 ஓம், தரைப் பக்கம் 330 ஓம். சைகையின் கண்ணுக்கு இரண்டும் இணையாகச் சேர்ந்து 132 ஓம். சைகை அதில் அடங்கிப்போகும். பழைய டிரைவ்களில் இந்தத் தடைத் தொகுப்பு ஒற்றை வரிசைக் கால்களோடு சாக்கெட்டில் செருகியிருக்கும். புள்ளி வைத்த பக்கம் 1ஆம் கால். மாற்றிச் செருகினால் வம்பு.

ஆக, இது எதையும் முடித்துவைக்கவில்லை. வாங்கி அடக்குகிறது. 'முடிவுறுத்தல்' என்பதை ஏற்கெனவே நிரலை நிறுத்துவதற்கு வைத்திருக்கிறோம். எலெக்ட்ரீஷியன் கேபிள் நுனியில் லக் (உலோக முனை) அடித்துப் பொருத்துவதும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அதற்கும் 'முடிவுறுத்தல்' என்றே எழுதுகிறார்கள். மூன்று வேலைக்கு ஒரே சொல்! கணினிக்கு உள்ளே ஒரு டிஸ்க், வெளியே ஒன்று என்று மாட்டினால் கன்ட்ரோலர் நடுவில் வந்துவிடும். அப்போது அதிலுள்ள தடையை எடுத்துவிட வேண்டும். மூன்று இடத்தில் இருந்தால் சைகை அனுப்பும் சில்லுக்குச் சுமை கூடும். இதை, "கட்டுப்படுத்தியின் முடிவுறுத்தலை முடக்கவும்" என்று எழுதினால் யாருக்குப் புரியும்? அகராதியில் முதல் பொருளை எடுத்து '-உறுத்தி' ஒட்டினால் கலைச்சொல் ஆகிவிடாது. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சொல்லாக்கம் செய்வது நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் தீராத நோய்.

'முனையம்' என்பாரும் உண்டு. அது விமான நிலையத்துக்கும் கட்டளைத் திரைக்கும் போய்விட்ட சொல்.

நான் 'ஈற்றுத்தடை' என்பேன். ஈற்றடி, ஈற்றெழுத்து எல்லாம் பள்ளியில் படித்ததுதான். தடை என்றால் மின்தடை. எங்கே இருக்கும், என்ன பொருள் இரண்டும் சொல்லுக்குள்ளேயே வந்துவிட்டன. ஈறு என்றதும் பல் வைத்தியர் நினைவுக்கு வருகிறார் என்று சிரிப்பவர்கள் 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' மனப்பாடம் செய்தபோது சிரித்தார்களா? இதுவும் பிடிக்காவிட்டால் டெர்மினேட்டர் என்றே எழுதுங்கள். தப்பான தமிழுக்கு அது எவ்வளவோ மேல்.

ஸ்கஸிதான் போய்விட்டதே என்று விட்டுவிட முடியாது. அதற்குப் பின் வந்த டிஸ்க் இணைப்பான சாட்டாவில் (SATA) இந்தத் தடை சில்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கார்களுக்குள் மின்னணுப் பாகங்கள் பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பி இணைப்பான அதிவேக கேன் பஸ்ஸில் (CAN bus) இரு கோடியிலும் 120 ஓம் வீதம் இன்றும் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இரு கம்பிக்கும் இடையே மீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு ஈற்றுத்தடை போயிற்று. 40 காட்டினால் யாரோ மூன்றாவதாக ஒன்றை மாட்டியிருக்கிறார்கள்.